அருவி பார்க்க ஆசை... எட்டிப் பார்க்கப் பயம்!

மழைக்காலம் வந்தாலே அருவிக் கேள்விகள் வரும். இந்த முறை வந்த கடிதங்களில் நிறையப் பேர் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கிறீர்கள்: அருவிக்குப் போக ஆசை, உயரம் என்றால் கால் நடுங்குகிறது, என்ன செய்ய? பேர் போட்டால் வீட்டில் கிண்டல் செய்வார்கள் என்று பலரும் எழுதியிருப்பதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

காலாண்டு விடுமுறைக்குக் கொழுந்தனார் குடும்பத்தோடு வேன் எடுத்து அதிரப்பள்ளி, அப்படியே ஜோக் அருவி என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். எனக்கோ மூன்றாவது மாடி பால்கனியில் துணி காயப்போடவே உள்ளங்கை வியர்க்கும். வரவில்லை என்று சொன்னால் "இதுக்கெல்லாமா பயப்படுவாங்க" என்று ஓரகத்தி ஆரம்பித்துவிடுவார். போகலாமா, வேண்டாமா?
விருதுநகர் வாசகி

தாராளமாகப் போங்கள். ஆனால் அருவியின் எந்தப் பக்கம் நிற்பது என்பதைக் கொழுந்தனார் முடிவு செய்ய விடாதீர்கள். அருவிக்குத் தலைமாடு உண்டு, கால்மாடு உண்டு, எதிர்ப்பக்கம் உண்டு. உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதது தலைமாடு மட்டும்தான். அங்கே போய் நிற்பவர்களுக்கு அருவி சரியாகத் தெரியவும் தெரியாது என்பதுதான் வேடிக்கை. ஆறு ஓடிவந்து சட்டென்று காணாமல் போவது தெரியும், சத்தம் கேட்கும், மற்றபடி வேலிக்கு மேலே கையை நீட்டி செல்ஃபி எடுக்கும் கூட்டம்தான்.

அதிரப்பள்ளியில் இதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் டிக்கெட் எடுத்து உள்ளே போனால் பாதை முதலில் கொண்டுபோய் விடுவதே அந்தத் தலைமாட்டுக்குத்தான். அங்கே நிற்காமல் இறங்குகிற பாதையைப் பிடியுங்கள். சரிவு கொஞ்சம் கடுமை, மழையில் கல் வழுக்கும், ஆனால் இரண்டு பக்கமும் மரம் இருப்பதால் உயரத்தில் நிற்கிற உணர்வு அவ்வளவாக வராது. கீழே போனால் சாலக்குடி ஆறு சுமார் 80 அடியிலிருந்து விழுவதை அண்ணாந்து பார்க்கலாம், சாரலிலேயே நனைந்துவிடுவீர்கள். முட்டி வலி, இறங்க முடியாது என்றால், சாலக்குடியிலிருந்து வரும் சாலையிலேயே நுழைவாயிலுக்கு முன்னால் முழு அருவியும் கண்ணுக்கு நேரே தெரிகிற இடம் ஒன்று உண்டு. வண்டியை விட்டு இறங்கி நின்றால் போதும். அங்கிருந்து 5 கிலோமீட்டர் போனால் வாழச்சால். அது செங்குத்தாக விழாமல் பாறைச் சரிவில் நுரைத்துக்கொண்டு ஓடும், உங்களுக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

ஜோக் விஷயம் வேறு. சராவதி ஆறு அங்கே 830 அடி கீழே விழுகிறது. ராஜா, ராணி, ரோரர், ராக்கெட் என்று நான்கு தாரை. எண்ணைக் கேட்டே பயந்துவிடாதீர்கள், பொதுவாக எல்லோரும் பார்க்கிற இடம் பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்கம். நடுவே பெரிய பள்ளம், அருவி அந்தப் பக்கம். தடுப்பை ஒட்டிப் போகாமல் பத்தடி பின்னால் நின்றாலும் நான்கு தாரையும் ஒன்றும் குறையாமல் தெரியும். முன்வரிசை கட்டாயமில்லை. கீழே போக ஏறக்குறைய 1400 படி உண்டு, அதை ஓரகத்திக்கு விட்டுக்கொடுத்துவிடுங்கள். இன்னொன்று, 1964-இல் மேலே லிங்கனமக்கி அணை வந்தபிறகு ஜோக்கில் தண்ணீர் மழையையும் அணையையும் பொறுத்தது. செப்டம்பர் கடைசியில் போகிறீர்கள், அந்த ஆண்டு மழை எப்படி என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பயத்தை எல்லாம் தாண்டிப் போய் நாலு கோடு தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தால் எரிச்சலாக இருக்கும்.

இனி அந்தக் கால் நடுக்கம் ஏன் வருகிறது என்பதற்கு வருகிறேன், காரணம் தெரிந்தால் சமாளிப்பது சுலபம். அசையாமல் நிற்கிறோம் என்று நாம் நினைக்கும்போதும் உடம்பு லேசாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டேதான் இருக்கும். கண் அதைக் கவனித்துச் சொல்ல, கால் தசைகள் அவ்வப்போது சரி செய்துகொள்ளும். கண்ணுக்கு இதற்கு அருகில் ஏதாவது வேண்டும், ஒரு சுவர், ஒரு தூண், பக்கத்தில் நிற்கிற ஆள். பள்ளத்தின் ஓரத்தில் நிற்கும்போது எதிரே இருப்பதெல்லாம் ரொம்பத் தள்ளி இருப்பதால் நீங்கள் ஆடினாலும் கண்ணுக்கு எதுவும் நகர்ந்த மாதிரி தெரியாது. ஆட்டம் கூடும். காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பும் பாதமும் ஒன்று சொல்ல, கண் வேறு ஒன்று சொல்லும். மூளை "உட்கார், பிடி, பின்னால் போ" என்று கத்தும். இது கோழைத்தனமே இல்லை. ஜெர்மனியில் 3,500 பேருக்கு மேல் கேட்டு 2013-இல் வெளியிட்ட ஆய்வில் 28 சதவீதம் பேர் தங்களுக்கும் இப்படி வந்திருப்பதாகச் சொன்னார்கள். உங்கள் வேனில் 12 பேர் என்றால் இன்னும் இரண்டு பேர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஓரகத்தியே அதில் ஒருவராக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

அருவி இதில் தன் பங்குக்கும் ஒரு வேலை செய்யும். விழுகிற தண்ணீரையே ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறையைப் பாருங்கள், பாறை மெல்ல மேலே ஏறுகிற மாதிரி தெரியும். ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் 1834-இல் ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியில் இதைப் பார்த்து எழுதி வைத்தார். கண் ஒரே திசை அசைவுக்குப் பழகிப்போய், அது நின்றதும் எதிர்த்திசையில் அசைவதாகக் காட்டுகிறது. வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் வேடிக்கை. ஏற்கெனவே கால் நிலைகொள்ளாத ஆளுக்குப் பாறையும் நகர்ந்தால் எப்படி இருக்கும்?

அதனால் தண்ணீரையே வெறித்துப் பார்க்காமல் முதலில் ஓரத்துப் பாறையைப் பாருங்கள், பிறகு தண்ணீர், மறுபடி பாறை. கைப்பிடியையோ மரத்தையோ நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், உட்கார இடமிருந்தால் உட்கார்ந்துவிடுங்கள், கண்ணின் ஓரத்தில் அருகில் இருக்கிற ஏதாவது ஒன்று எப்போதும் தெரியட்டும். செல்போனை நீட்டி ஜூம் செய்து திரை வழியாகவே பார்ப்பது இந்த நேரத்தில் உதவாது. ஒரு தாரையைப் பெரிதாக்கினால் அருகில் இருப்பதெல்லாம் திரையை விட்டுப் போய்விடும். ரொம்ப முக்கியமாக, "வா வா, ஒண்ணும் ஆகாது" என்று கையைப் பிடித்து இழுக்க யாரையும் விடாதீர்கள். இழுக்கிறவருக்கு அது பாசம். உங்களுக்கோ இருக்கிற பிடியும் போய்விடும். வேனில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்: நான் வருவேன், எவ்வளவு கிட்டே வருவேன் என்பது என் விருப்பம்.

எனக்கும் உயரத்தில் தலை சுற்றும். வீட்டில் கட்டிலில் திரும்பிப் படுத்தாலும் சுற்றுகிறது. இரண்டும் ஒன்றா?
காரைக்குடி வாசகர்

இல்லை. உயரத்தில் மட்டும் வந்தால் மேலே சொன்ன கதை. படுக்கையில் புரளும்போது அறையே சுற்றுகிறது என்றால் காதுக்குள் இருக்கும் நுண்ணிய படிகங்கள் இடம் மாறியிருக்கலாம், காது மூக்கு தொண்டை மருத்துவர் தலையைச் சில கோணங்களில் திருப்பியே சரி செய்துவிட வாய்ப்புண்டு. அதைப் பார்த்துவிட்டு அருவிக்குப் போங்கள். வீட்டில் யாருக்கோ எழுதிக் கொடுத்த தலைசுற்றல் மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள், தூக்கம் வருகிற மாத்திரையோடு ஈரப் பாறையில் நடப்பதைவிட நடுங்கிக்கொண்டே நடப்பது மேல்.

அம்மாவுக்கு 68 வயது. குற்றாலத்தில் ஒருமுறையாவது குளிக்க வேண்டும் என்கிறார். ஆனால் உயரம் என்றாலே பயம், நிமிர்ந்து பார்த்தாலும் மயக்கம் வருகிற மாதிரி இருக்கிறதாம். அழைத்துப் போகலாமா?
அருப்புக்கோட்டை வாசகர்

குற்றாலம் மாதிரி இவர்களுக்கு ஏற்ற ஊர் கிடைக்காது. பேரருவி 160 அடிக்கு மேல், ஆனால் அம்மா நிற்கப் போவது அடியில். அவ்வளவு உயரத்திலிருந்து விழுகிற தண்ணீரில் எப்படித் தலையைக் கொடுத்து நிற்க முடிகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? நடுவில் பொங்குமாங்கடல் என்ற பள்ளம் இருக்கிறது. தண்ணீர் முதலில் அதில் விழுந்து, பொங்கி, வேகம் குறைந்து அப்புறம்தான் நம் தலைக்கு வருகிறது. அது இல்லையென்றால் அடியில் போய் நிற்பதைப் பற்றிப் பேச்சே இல்லை.

நிமிர்ந்து பார்த்தால் மயக்கம் என்பதும் உண்மைதான். தலையைப் பின்னால் சாய்க்கும்போது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு தன் வழக்கமான கோணத்தை விட்டு விலகுகிறது, மேலே விழுந்துகொண்டே இருக்கிற தண்ணீர் வேறு. தூரத்தில் பாலத்துப் பக்கமாக நின்று, நேர்ப் பார்வையில் அருவியை ஆசை தீரப் பார்த்துவிடச் சொல்லுங்கள். கிட்டே போனதும் மேலே பார்க்க வேண்டாம், கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்த தலையோடு குளிக்கட்டும். பெண்கள் பகுதியில் உங்கள் மனைவியோ அக்காவோ ஒருவர் கூடவே நிற்கட்டும். பேரருவியில் கூட்டம் தாங்கவில்லை என்றால் ஐந்தருவி, அல்லது புலியருவி. செண்பகாதேவி, தேனருவி என்று மேலே ஏறுகிற யோசனை வேண்டவே வேண்டாம்.

குற்றாலத்தில் பயப்பட வேண்டியது தண்ணீர் வரத்தைக் கண்டு. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். கீழே வெயில் அடித்தாலும் மலைமேல் மழை பெய்திருக்கலாம். தண்ணீர் நிறம் மாறினாலோ, குச்சி இலை சேர்ந்து வந்தாலோ, போலீஸார் வெளியே வரச் சொன்னாலோ தலையில் எண்ணெய் இருக்கிறதே, சீயக்காய் போட்டுவிட்டு வருகிறேன் என்று நிற்கக் கூடாது.

கொல்லிமலை ஆகாய கங்கைக்குப் படி இறங்க முடியுமா? என் பயம் ஏறும்போது இல்லை, இறங்கும்போதுதான்.
ஆத்தூர் வாசகி

முடியும், ஆனால் அவசரப்படக் கூடாது. அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து இறங்குகிற படிகள் ஆயிரத்துக்கு மேல், அங்கங்கே செங்குத்து. இறங்கும்போது பயம் கூடுவது இயற்கை, ஏறும்போது முகத்துக்கு எதிரே படி தெரிகிறது, இறங்கும்போது எதிரே வெறும் பள்ளம். அடுத்த மூன்று நான்கு படியை மட்டும் பார்த்து இறங்குங்கள். கைப்பிடி இருக்கிற இடத்தில் மலைப்பக்கமாக நடங்கள், முன்னால் ஒருவரை இரண்டு படி இடைவெளியில் போகச் சொல்லுங்கள், அவர் முதுகு உங்கள் கண்ணுக்குச் சுவர் மாதிரி இருக்கும்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். தூரத்துக்கும் படிக்கவும் சேர்த்து ஒரே கண்ணாடி போடுகிறீர்களா? அந்தக் கண்ணாடியின் கீழ்ப்பகுதி புத்தகத் தூரத்துக்குச் செய்தது. குனிந்து படியைப் பார்த்தால் படியின் விளிம்பு மங்கலாகத்தான் தெரியும். பாதிப் பயம் அங்கிருந்துதான் வருகிறதோ என்னவோ. தூரப் பார்வைக்கு மட்டும் தனிக் கண்ணாடி இருந்தால் அன்றைக்கு அதைப் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், அருவிக்குப் போகும் முன்பே 70 கொண்டை ஊசி வளைவுகள் காத்திருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். முன் சீட்டைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது. உயரமான இடத்தில் நின்றால் குதித்துவிடுவேனோ என்று தோன்றுகிறது. வாழ்க்கையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மனநோயா?
ஊரும் வேண்டாம் என்று எழுதியவர்

உங்களைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள், சொல்வதில்லை. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களிடம் கேட்டு 2012-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். தற்கொலை எண்ணமே வந்ததில்லை என்றவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் உயரத்தில் நிற்கும்போது இப்படித் தோன்றியதுண்டு என்றார்கள். அவர்கள் தந்த விளக்கம் இது: உடம்பு ஆபத்தை உணர்ந்து சட்டென்று பின்வாங்குகிறது, ஒரு நொடி கழித்து மனசு "ஏன் பின்வாங்கினேன், குதிக்க நினைத்தேனோ" என்று தப்பாகக் கணக்குப் போடுகிறது. அதாவது அது உயிர்மேல் இருக்கிற ஆசையின் வேலை. ஓரத்தை விட்டு நாலு அடி பின்னால் வந்து உட்காருங்கள், அடங்கிவிடும்.

ஆனால் தரையில் இருக்கும்போதும், வீட்டில் தனியாக இருக்கும்போதும் அந்த மாதிரி எண்ணம் வந்தால் அது வேறு விஷயம், தாமதிக்காமல் பேச வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

மகன் டொராண்டோவில் இருக்கிறான். ஜூலையில் போகிறேன். நயாகராவைப் பார்க்காமல் திரும்பினால் ஊரில் கேட்பார்கள். எனக்குக் கிணற்றை எட்டிப் பார்க்கவே பயம்.
கும்பகோணம் வாசகி

டொராண்டோவுக்கு வருகிற எந்த அம்மாவையும் நம் பிள்ளைகள் நயாகராவுக்கு அழைத்துப் போகாமல் விட்டதில்லை, அதனால் தப்ப முடியாது! நல்ல சேதி, உங்களைப் போன்றவர்களுக்கு நயாகரா ரொம்பத் தோதான இடம். உயரம் அப்படி ஒன்றும் பெரிதில்லை, கனடா பக்கத்துக் குதிரை லாடப் பிரிவு 57 மீட்டர்தான், அகலமும் தண்ணீர் அளவும்தான் அதன் பெருமை. அகலமான நடைபாதை, இடுப்பு உயரத் தடுப்பு, உட்கார பெஞ்சு எல்லாம் உண்டு.

டேபிள் ராக் என்கிற இடத்துக்கு முதலில் போக வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். அங்கே பச்சைத் தண்ணீர் கைக்கெட்டுகிற தூரத்தில் விளிம்பு தாண்டிப் போகும், பார்க்க அற்புதம், முதல் பார்வைக்கு உங்களுக்கு வேண்டாம். தூரத்து நடைபாதையிலிருந்து தொடங்கி, முடிந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வாருங்கள். படகுச் சவாரி கட்டாயம் போங்கள். சிவப்பு மழைக்கோட்டு கொடுப்பார்கள், அடியில் இருந்து மேலே பார்ப்பதால் உயரப் பயத்துக்கு அங்கே வேலையில்லை, ஆட்டமும் சாரலும்தான். அருவிக்குப் பின்னால் போகிற சுரங்கப் பாதைக்கு 38 மீட்டர் லிஃப்டில் இறங்க வேண்டும், அதுவும் உங்களால் முடியும். பழைய மின்நிலையத்தில் 2022-இல் திறந்த சுரங்கத்துக்கு இறங்குகிற லிஃப்ட் மட்டும் கண்ணாடி வைத்தது, தெரிந்துகொண்டு ஏறுங்கள். ஸ்கைலான் கோபுரம் வேண்டாம்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று: டொராண்டோவிலிருந்து போகிற நெடுஞ்சாலையில் பர்லிங்டனிலும் செயின்ட் கேத்தரின்ஸிலும் நல்ல உயரமான இரண்டு பாலங்கள் வரும். பின் சீட்டில் நடுவில் உட்கார்ந்து, பாலம் வரும்போது காருக்குள்ளேயே எதையாவது பார்த்துப் பேசிக்கொண்டிருங்கள். பகலில் போவது நல்லது, காரணம் 1950-இல் கனடாவும் அமெரிக்காவும் போட்ட ஒப்பந்தப்படி சுற்றுலாக் காலத்தில் பகலில்தான் அருவிக்கு முழுப் பங்கு தண்ணீர் விடுகிறார்கள், இரவில் அதில் பாதியை மின்சாரத்துக்குத் திருப்பிவிடலாம். அமெரிக்க விசா இல்லையென்றால் பாலம் தாண்டி அந்தப் பக்கம் போக முடியாது, போகாததால் பெரிய நஷ்டமும் இல்லை. முகம் பார்த்த காட்சி கனடா பக்கம்தான்.

எனக்குப் பயமில்லை. ஆனால் என் கணவர் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வேலி பக்கம் போனால் எனக்குக் கால் கூசுகிறது. இது என்ன பயம்?
நாகர்கோவில் வாசகி

நியாயமான பயம். தோளில் உட்கார்ந்த குழந்தையின் இடுப்பு வேலிக்கு எவ்வளவோ மேலே இருக்கிறது, வேலி அந்தக் குழந்தைக்கு இல்லாத மாதிரிதான். இறக்கிவிடச் சொல்லுங்கள், சண்டை வந்தாலும் பரவாயில்லை. உங்களுக்குப் பக்கத்தில் திற்பரப்பு இருக்கிறதே, கோதையாறு அகலமாகத் தாழ விழுகிற இடம், குழந்தையோடு அங்கே போய்விட்டு வாருங்கள்.

இந்தப் பயத்தை அடியோடு விரட்ட வழியே இல்லையா? கன்னியாகுமரி கண்ணாடிப் பாலத்தில் ஒரே மூச்சில் நடந்துவிட்டால் போய்விடும் என்கிறான் நண்பன்.
தென்காசி வாசகர்

நண்பனுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர் கிணற்றில் தள்ளிவிட்டார் போலிருக்கிறது. கண்ணாடித் தரையைக் கடைசிப் படியாக வைத்துக்கொள்ளுங்கள். பயத்தைக் குறைக்கிற முறை என்று மனநல நிபுணர்கள் கையாள்வது இதற்கு நேர் எதிர்: முதல் மாடி ஜன்னல், அப்புறம் இரண்டாவது மாடி, அப்புறம் மொட்டை மாடியின் நடு, ஓரம். ஒவ்வொன்றிலும் பயம் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்குகிறவரை அங்கேயே நிற்க வேண்டும். உச்சத்தில் இருக்கும்போது ஓடிவந்துவிட்டால் "ஓடியதால் பிழைத்தேன்" என்று மூளை எழுதி வைத்துக்கொள்ளும், அடுத்த முறை இன்னும் கஷ்டம். 2018-இல் ஆக்ஸ்ஃபோர்டில் 100 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். மெய்நிகர் கண்ணாடி மாட்டிக்கொண்டு கற்பனைக் கட்டடத்தில் ஏறிப் பழகிய பாதிப் பேருக்குச் சில அரைமணி நேரப் பயிற்சிகளிலேயே பயம் சராசரியாக 68 சதவீதம் குறைந்தது. வேலைக்கோ அன்றாட வாழ்க்கைக்கோ இடைஞ்சலாக இருந்தால் உளவியல் ஆலோசகரிடம் போங்கள். வருஷத்துக்கு ஒருமுறை அருவிக்குப் போகும்போது மட்டும்தான் என்றால், எதற்கு இவ்வளவு பாடு? அடியில் நின்று குளித்துவிட்டு வாருங்கள்.

ஒகேனக்கல்லில் அந்தத் தொங்கு பாலத்தில் ஏறாமல் அருவியைப் பார்க்க முடியுமா?
திருப்பத்தூர் வாசகர்

பரிசலில் போனால் பார்க்கலாம். தண்ணீர் மட்டத்திலேயே போவதால் உயரம் இல்லை, பாறைச் சுவர்களுக்கு நடுவே போகும்போது கண்ணுக்கு அருகில் பிடிப்பும் இருக்கும். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள், பரிசலைச் சுற்றிக் காட்டவா என்று ஓட்டுகிறவர் கேட்டால் "வேண்டாம்ணா" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். காவிரியில் வரத்து கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.